ஊசி, பால் கவர், வாழைக்காய்த் தோல்: நம்ம வீட்டுக் குப்பையைப் பற்றிக் கொஞ்சம் பேசணும்

நீளமான இழை. டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உட்கார்ந்து படிங்க.

நாலு மாசத்துக்கு முன்னாடி ஒரு சாயங்கால ஓபி. கூட்டம் குறைஞ்ச நேரம். எங்க ஏரியாவுக்குக் குப்பை வண்டியோட வர்ற தூய்மைப் பணியாளர் அக்கா ஒருத்தங்க உள்ளே வந்தாங்க. வயசு நாற்பத்தஞ்சு இருக்கும். வலது கை ஆள்காட்டி விரலை இடது கையால பொத்திப் பிடிச்சிருந்தாங்க. விரல் நுனியில் சுண்ணாம்பு.

"என்னக்கா ஆச்சு?"

"ஊசி குத்திருச்சு சார். நேத்துக் காலையில."

தைக்கிற ஊசியா இருக்கும்னு நினைச்சேன். இல்லை. ஒரு வீட்டுக் கேரி பேக்கைப் பிரிச்சு, சோத்தையும் காய்த் தோலையும் ஒரு பக்கம், பிளாஸ்டிக்கை இன்னொரு பக்கம்னு தள்ளும்போது குத்தியிருக்கு. இன்சுலின் பேனாவுல மாட்டுற ஊசி. 4 மில்லிமீட்டர்தான் நீளம். குப்பைக்குள்ள கிடந்தா கண்ணுக்கே தெரியாது.

"கிளவுஸ் போடலையாக்கா?"

"போட்டுத்தான் சார் இருந்தேன். அதுக்குள்ள புகுந்துல்ல வந்துச்சு."

சுண்ணாம்பைக் கழுவிட்டு, சோப்பு போட்டு ஓடுற தண்ணியில விரலைக் கழுவச் சொன்னேன். டிடி ஊசி போட்டேன். அப்புறம்தான் கஷ்டமான பகுதி. ஒரு ஊசி யாரோட உடம்புல இருந்து வந்ததுன்னே தெரியலைன்னா என்னவெல்லாம் பண்ணணும்னு அந்த அக்காவுக்குப் புரிய வைக்கணும், ஆனா பயமுறுத்தக் கூடாது.

உங்களுக்கும் சொல்லிடறேன். நோய் இருக்கிறவர் ரத்தம் பட்ட ஊசி குத்தினா, எச்ஐவி தொற்ற வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். ஹெபடைடிஸ் சி, 2 சதவீதத்துக்கும் கீழே. ஹெபடைடிஸ் பி மட்டும், தடுப்பூசி போடாதவங்களுக்கு 6-லிருந்து 30 சதவீதம் வரைக்கும் போகும். இதெல்லாம் ஆஸ்பத்திரி ஊழியர்களை வெச்சுக் கணக்குப் பண்ணினது. குப்பையில காய்ஞ்சு கிடந்த சின்ன இன்சுலின் ஊசிக்கு ஆபத்து இதைவிடக் குறைவுதான். ஆனா ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே குறைஞ்சது ஏழு நாள் உயிரோட இருக்கும். அதனால "ஒண்ணும் ஆகாது, போங்க"ன்னு சொல்லி அனுப்ப முடியாது.

அந்த அக்கா ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டதே இல்லை. நாடு முழுக்கக் குழந்தைகளுக்கு அது வந்ததே 2011-ல்தான். அவங்க வயசுக்காரங்க தனியா கேட்டு வாங்கிப் போட்டாத்தான் உண்டு. ரத்தப் பரிசோதனைக்கு எழுதி, முதல் டோஸ் போட்டு, எச்ஐவி தடுப்பு மருந்து வேணுமான்னு முடிவு பண்ண அரசு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினேன். (அந்த மருந்தை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், 28 நாள் சாப்பிடணும். அரசு ஆஸ்பத்திரியில இலவசம். இதை யாருக்காவது சொல்லி வைங்க.) ஆறு வாரத்துல ஒரு டெஸ்ட், மூணு மாசத்துல ஒண்ணு, ஆறு மாசத்துல ஒண்ணு.

எல்லாத்தையும் கேட்டுட்டு அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "அப்ப ஆறு மாசம் வரைக்கும் இதையே நெனச்சுக்கிட்டுப் படுக்கணுமா சார்?"

அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து, எங்க சமையல்கட்டுக் குப்பைக் கூடையைத் திறந்து பார்த்தேன்.

என் அம்மாவுக்கு ஒன்பது வருஷமா இன்சுலின். காலை டோஸ் போட்டுவிடறது நான்தான். வாழைக்காய்த் தோலுக்கு நடுவுல மூடி இல்லாத ஊசி ரெண்டு கிடந்துச்சு. நான் போட்டதுதான். எங்க தெருவும் அந்த அக்கா வண்டி வர்ற தெருதான். அவங்க கையில குத்தினது எங்க வீட்டு ஊசி இல்லைன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது.

பதினாலு வருஷமா இன்சுலின் எழுதறேன். எங்கே போடணும், எப்படி மடிப்புப் பிடிக்கணும், ஃபிரிட்ஜ்ல எந்தத் தட்டுல வைக்கணும், எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கேன். போட்ட ஊசியை எங்கே போடணும்னு ஒருத்தருக்குக்கூடச் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. இந்தியாவுல சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல்னு 2023-ல் ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்லுச்சு. அதுல இன்சுலின் போடுறவங்க ஒரு பகுதிதான். அப்படியே வெச்சுக்கிட்டாலும் ஒரு நாளைக்கு ஒரு ஊசின்னா ஒருத்தருக்கு வருஷத்துக்கு 365. இதெல்லாம் எங்கே போகுதுன்னு நினைக்கிறீங்க?

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

ஜூன் மாசம் வந்தா "பசுமை வாழ்க்கைக்குப் பத்து வழிகள்"னு ஃபார்வர்ட் வரும். மூங்கில் பிரஷ், செம்பு பாட்டில், ஸ்டீல் ஸ்ட்ரா. நானும் செம்பு பாட்டில் வாங்கினவன்தான். தப்பு சொல்லலை. ஆனா அந்தப் பட்டியல்ல பாதி, கடையில போய்ப் புதுசா ஏதாவது வாங்கச் சொல்லுது. வீட்டுக்குள்ள என்ன வாங்கி வர்றோம்ங்கிறதைப் பத்தி இவ்வளவு பேசறோம். வீட்டை விட்டு என்ன வெளியே போகுது, அதை யார் கை தொடுதுன்னு பேசறதே இல்லை. என்னைக் கேட்டா, ஒரு வீடு பசுமையான வீடா இல்லையான்னு பார்க்க அந்த வீட்டுக் குப்பைக் கூடையைத் திறந்து பார்த்தாப் போதும்.

முதல்ல ஊசி. இது செலவே இல்லாத வேலை. துணி துவைக்கிற லிக்விட், ஃபினாயில், ஹார்பிக் வர்ற கெட்டியான டப்பா ஒண்ணை எடுத்துக் கழுவிக் காய வைங்க. தண்ணி பாட்டில் வேண்டாம், ஊசி துளைச்சுக்கிட்டு வெளியே வரும். பேனா ஊசின்னா பெரிய வெளி மூடியை மாட்டித் திருகிக் கழட்டி, நேரா டப்பாவுக்குள்ள போடுங்க. சிரிஞ்சுன்னா மூடியைத் திரும்பப் போட முயற்சி பண்ணாதீங்க, அங்கேதான் உங்க விரல்லயே குத்தும். சுகர் டெஸ்ட் பண்றப்போ குத்துற லான்செட்டும் இதே டப்பாவுலதான். முக்கால் டப்பா நிறைஞ்சதும் மூடி, டேப் ஒட்டி, மேலே பெரிசா "ஊசி, திறக்காதீங்க"ன்னு எழுதுங்க.

அதுக்கப்புறம் எங்கே கொடுக்கறது? 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக் குப்பையை மூணாப் பிரிக்கச் சொல்லுச்சு. மட்கும் குப்பை, மட்காத குப்பை, மூணாவதா வீட்டு அபாயக் கழிவு. வீட்டுல சேர்ற ஊசி, காலாவதி மாத்திரை, உடைஞ்ச பாதரச தெர்மாமீட்டர், டியூப் லைட், பேட்டரி எல்லாம் அந்த விதிகள்ல இந்த மூணாவது வகையா இருந்துச்சு. பல ஊர்ல பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் வந்துருச்சு, இந்த மூணாவதுக்கு மட்டும் வண்டியில இடமே இருக்கறதில்லை. அதனால நான் செஞ்சது இது: எங்க கிளினிக்குல ஊசி போட வெள்ளை நிற டப்பா ஏற்கெனவே இருக்கு, மருத்துவக் கழிவு எடுக்கிற வண்டியும் வருது. வீட்டு ஊசி டப்பாவையும் இங்கே கொண்டு வந்து கொடுங்கன்னு சொல்லிட்டேன். இதைப் படிக்கிற டாக்டர்கள், லேப் வெச்சிருக்கறவங்க, தயவுசெஞ்சு நீங்களும் இதைச் செய்யுங்க. நமக்கு ஆகற செலவு ரொம்பக் கம்மி. நோயாளிகள், உங்க டாக்டர்கிட்ட நீங்களே வாய்விட்டுக் கேளுங்க. கேட்டாத்தான் எங்களுக்கு உறைக்கும்.

அடுத்தது நெருப்பு. இது என் கோபம், கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

சாயங்காலம் ஆறு மணிக்கு வாசல் பெருக்கி, இலையைக் குவிச்சு, கூடவே பால் கவர், பிஸ்கட் கவர், குழந்தையோட டயப்பர் எல்லாத்தையும் சேர்த்துக் கொளுத்தறது. கேட்டா, "கொசு போகும் டாக்டர்." எட்டு மணிக்கு அதே தெருவுல இருந்து ஒரு குழந்தை மூச்சுத் திணறலோட வரும், நெபுலைசர் வைப்போம். மழைக்காலம் முடிஞ்சு மார்கழி, தையில, காத்து அசையாத சாயங்காலங்கள்ல இதை நான் வருஷா வருஷம் பார்க்கறேன்.

நம்ம தாத்தா காலத்துல எரிச்சது ஓலை, வைக்கோல், வேப்பிலை. அந்தப் புகையும் நுரையீரலுக்கு நல்லதில்லைதான், ஆனா இப்ப எரியறது வேற சரக்கு. பிவிசி மாதிரி குளோரின் இருக்கிற பிளாஸ்டிக் குறைஞ்ச சூட்டுல புகைஞ்சு எரிஞ்சா டயாக்ஸின் வரும். அது புற்றுநோயோட தொடர்புள்ள நச்சு, மண்ணுலயும் உடம்புக் கொழுப்புலயும் வருஷக்கணக்கா தங்கும். கூடவே பிஎம் 2.5ன்னு சொல்ற நுண்துகள். தலைமுடி தடிமன்ல சுமார் முப்பதுல ஒரு பங்கு. மூக்கு முடி, சளி எதுலயும் சிக்காம நுரையீரலோட அடி வரைக்கும் போயிரும். 2018 போகி அன்னைக்குச் சென்னையில புகை மூட்டத்தால விமானமே இறங்க முடியாமப் போனது பலருக்கு ஞாபகம் இருக்கும். விமானத்தைத் திருப்பி விடலாம். தெருக்கோடி வீட்டுல இருக்கிற ஆஸ்துமா பாட்டியை எங்கே திருப்பி விடறது? அந்தச் சாம்பலை எடுத்துக் கறிவேப்பிலைச் செடிக்குப் போடறவங்களும் இருக்காங்க. விறகுச் சாம்பல்னா சரி. பிளாஸ்டிக் எரிஞ்ச சாம்பல் வேண்டாங்க, அதுல என்ன இருக்குன்னே சொல்ல முடியாது.

நாப்கின், டயப்பரையும் எரிக்காதீங்க, உள்ளே இருக்கறது பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். செய்தித்தாள்ல நல்லாச் சுத்தி, வெளியே சிவப்புப் பேனாவுல ஒரு பெருக்கல் குறி போட்டுத் தனியாக் கொடுங்க. பிரிக்கிறவங்க அதைத் திறந்து பார்க்கிற கொடுமை மிச்சம். மென்சுரல் கப் பழகிக்கிட்டவங்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை, ஒரு கப் பல வருஷம் வரும்.

கொளுத்தாம அந்த இலையை என்ன பண்றது? அதுதான் உரத்துக்கு மூலப்பொருள்.

எங்க வீட்டுல ஒரு வாரம் குப்பையை எடை போட்டுப் பார்த்தேன். அஞ்சு பேர். சமையல்கட்டுக் கழிவு மட்டும் ஆறு கிலோ. மத்தது எல்லாம் சேர்ந்து ரெண்டு கிலோகூட வரலை. அந்த ஆறு கிலோ சாதாரணக் காய்த் தோல்தான். மத்ததோட கலந்து குப்பை மேட்டுக்குப் போய், அடியில காத்துப் படாம அழுகினா மீத்தேன் ஆகும். மீத்தேன், இருபது வருஷக் கணக்குல கரியமில வாயுவை விட 80 மடங்கு பூமியைச் சூடாக்கும். எளிதாத் தீயும் பிடிக்கும். 2022 ஏப்ரல்ல பெருங்குடி குப்பைக் கிடங்கு நாள் கணக்கா எரிஞ்சதை அந்தப் பக்கம் இருக்கறவங்க மறந்திருக்க மாட்டாங்க.

எங்க முதல் முயற்சி படுதோல்வி. ஆர்வக்கோளாறுல மீந்த ரசம், குழம்புச் சோறு எல்லாத்தையும் ஒரு வாளியில கொட்டினேன். நாலாம் நாள் பக்கத்து வீட்டு மாமா காம்பவுண்டு சுவத்துக்கு மேலே எட்டிப் பார்த்து, "டாக்டர், எலி ஏதாவது செத்துக் கிடக்கா?"ன்னு கேட்டார். அப்புறம்தான் விஷயம் புரிஞ்சுச்சு: நாத்தம் அடிச்சா ஈரம் அதிகம்னு அர்த்தம். அவ்வளவுதான்.

இப்ப செய்யற முறை. காலி பெயிண்ட் வாளி, 20 லிட்டர். சுத்தியும் அடியிலும் டிரில்லர்ல ஓட்டை. கீழே ஒரு தட்டு. அடியில ரெண்டு விரக்கடை காய்ஞ்ச இலை. தினமும் காய்த் தோல், பழத் தோல், டீத்தூள், பூ போட்டுட்டு அதை விட அதிகமா காய்ஞ்ச இலை போட்டு மூடணும். இலை கிடைக்காத அபார்ட்மென்ட்காரங்க தேங்காய் நார்த்தூள் வாங்கிக்கலாம். ஆரம்பத்துல ஒரு டம்ளர் புளிச்ச மோர். மூணு நாலு நாளைக்கு ஒருதரம் கிளறி விடணும். சமைச்ச சாப்பாடு, மீன், கறி எலும்பு எதுவும் பழகற வரைக்கும் வேண்டாம். நடுவுல வெள்ளையாப் புழு வரும், பதறாதீங்க, அது வேலை செய்ய வந்த ஆள். (என் அம்மா பதறினாங்க. ரெண்டு நாள் மாடிக்கே வரலை.) வாளி நிறைஞ்சதும் இன்னொண்ணு ஆரம்பிச்சுட்டு முதல் வாளியை விட்டுடுங்க. எங்களுக்கு ரெண்டு மாசம் ஆச்சு. மழை பெஞ்ச மண் வாசனை வந்தா உரம் தயார்.

இந்த ஈரம் வெளியே போயிட்டா, மிச்சக் குப்பை தானாவே சுத்தமாயிரும். பால் கவரை அலசிக் காய வெச்சா பழைய பேப்பர் கடையில எடுத்துக்குவாங்க. சாம்பார் பட்ட கவரை ஒருத்தரும் தொட மாட்டாங்க. கவர் மூலையை முழுசா வெட்டி எறியாதீங்க, லேசாக் கீறி ஊத்துங்க. அந்தச் சின்ன முக்கோணத் துண்டை யாராலும் பொறுக்க முடியாது, நேரா சாக்கடைக்குத்தான் போகும்.

இங்கே ஒரு கேள்வி கட்டாயம் வரும். "நாங்க பிரிச்சுக் கொடுக்கறோம், வண்டியில ஒண்ணாத்தானே கொட்டறாங்க?" சில இடத்துல உண்மைதான், நானும் பார்த்திருக்கேன், வார்டு கவுன்சிலர்கிட்ட சண்டையும் போட்டிருக்கேன். ஆனா ஊசி டப்பா வண்டிக்கே போகலை. காய்த் தோல் மாடியை விட்டு இறங்கலை. அவங்க கலந்து கொட்டினாலும் உங்க பையில கை விட்டவங்களுக்குக் குத்தாது.

இன்னும் சிலது, வேகமா.

காலாவதி மாத்திரை, மீந்த ஆன்டிபயாடிக் எதையும் கழிப்பறையில, சிங்க்ல கொட்டாதீங்க. தண்ணியில கலக்கிற ஆன்டிபயாடிக், மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்க உதவும். அட்டையோட ஒரு கவர்ல போட்டு ஊசி டப்பா மாதிரியே தனியா வைங்க. அதைவிட நல்லது, தேவைக்கு மட்டும் வாங்கறது. அஞ்சு நாளைக்கு எழுதினா அஞ்சு நாளைக்கு எண்ணி வாங்குங்க, முழுசாச் சாப்பிட்டு முடிங்க. மீதி மாத்திரையே வராது.

மாடி மூலை, பின் சந்துல கிடக்கிற கப், கொட்டாங்குச்சி, டயர். டெங்கு கொசு நல்ல தண்ணியிலதான் முட்டை போடும், ஒரு வாரம் பத்து நாள்ல பறக்க ஆரம்பிச்சுரும். ஞாயித்துக்கிழமைக்கு ஒருதரம் கவுத்து வைங்க.

மஞ்சப்பை. 2019 ஜனவரில தமிழ்நாட்டுல ஒருமுறை பயன்படுத்தற பிளாஸ்டிக்குக்குத் தடை வந்துச்சு. 2021 டிசம்பர்ல மீண்டும் மஞ்சப்பைன்னு அரசு இயக்கமே வந்துச்சு. எங்க வீட்டுல கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை மட்டும் முப்பது இருக்கு. கடைக்குப் போறப்போ ஒண்ணு கையில இருக்காது. இப்ப ரெண்டு பையை வண்டி சீட்டுக்கு அடியில திணிச்சு வெச்சாச்சு. ஓட்டல்ல சாம்பார் வாங்கத் தூக்குச் சட்டியும் அப்படித்தான், சமையல்கட்டுல இருந்தா எடுக்க மாட்டோம், கார்ல இருந்தா எடுப்போம். கொதிக்கிற சாம்பாரை மெல்லிசு கவர்ல கட்டி வாங்கறதை மட்டுமாவது இன்னைக்கே நிறுத்துங்க.

வீட்டுல இருக்கிற பிளாஸ்டிக் டப்பாவையெல்லாம் தூக்கி எறிஞ்சுட்டு ஸ்டீல் வாங்கணும்னு அவசியம் இல்லை. பருப்பு, மிளகாய் போட்டு வைங்க, உடையற வரைக்கும் உழைக்கட்டும்.

இதைப் படிக்கிற ஆண்களுக்கு ஒரு வார்த்தை. இதை மனைவிக்கு ஃபார்வர்ட் பண்ணி "பாரு"ன்னு மட்டும் சொல்லாதீங்க. வாளியில ஓட்டை போடறதும், கிளறி விடறதும், டப்பாவைக் கொண்டு போய்க் கொடுக்கறதும் நம்ம வேலை. குப்பை ஏற்கெனவே வீட்டுப் பெண்கள் கையிலயும், அப்புறம் அந்த அக்கா மாதிரி பெண்கள் கையிலயும்தான் இருக்கு.

அந்த அக்காவைப் பத்திச் சொல்லணும். ரெண்டாவது டோஸ் தடுப்பூசிக்கு ஒரு மாசத்துல வந்தாங்க. அப்பதான் எங்க வீட்டுக் கூடையில நான் பார்த்ததை அவங்ககிட்ட சொன்னேன். சொல்லாம விட்டிருக்கலாம், சரியா வரலை. கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. "எந்த வீட்டதா இருந்தா என்ன சார். எல்லா வீட்டுலயும்தான் போடுறாங்க"ன்னு சொல்லிட்டு, மேசையில இருந்த டப்பாவைக் கையில எடுத்து ஆட்டிப் பார்த்தாங்க. கலகலன்னு சத்தம். "இவ்ளோவா?"ன்னு கேட்டாங்க. அது ஒரு மாசத்துக் கணக்கு, எங்க ரெண்டு மூணு தெருவுல இருந்து மட்டும்.

மூணு மாச டெஸ்ட்ல பிரச்சினை எதுவும் இல்லை. ஆறாவது மாச டெஸ்ட்டும் மூணாவது டோஸும் பாக்கி. அவங்களோட வேலை பார்க்கிற இன்னும் ஆறு பேரைக் கூட்டிட்டு வந்தாங்க. அவங்களுக்கும் ஹெபடைடிஸ் பி முதல் டோஸ் போட்டாச்சு.

எங்க ஊர்க்காரங்களுக்கு: ஊசி டப்பாவை சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல கொண்டு வாங்க. டோக்கன் போட வேண்டாம், நேரா கம்பவுண்டர் தம்பிகிட்ட கொடுத்துட்டுப் போகலாம். ஞாயிறு லீவு.